பழைய உரிமங்களுக்கு ஓர் உரைகல்

எவரும் பயன்படுத்தவும், மாற்றியமைக்கவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரப்பட்ட மென்பொருளே திறந்த மூல மென்பொருள். இணையச் சேவைகள் பலவற்றுக்கு அடித்தளமாக விளங்கும் 'ரெடிஸ்' என்னும் தரவுத்தள மென்பொருள் அத்தகையதாகவே இருந்தது. 2024 மார்ச்சில் அதன் நிறுவனம் உரிமத்தை மாற்றி, அதனைப் போட்டிச் சேவையாக வழங்குவோருக்குக் கட்டுப்பாடு விதித்தது. சில நாள்களிலேயே, பழைய உரிமத்தின்கீழ் வெளிவந்திருந்த பதிப்பைக் கொண்டு 'வால்கி' என்னும் மாற்று மென்பொருளை உருவாக்கும் பணியை லினக்ஸ் அறக்கட்டளை அறிவித்தது.

அன்று பயனாளர்களைக் காத்தது பழைய உரிமத்தின் தெளிவான வாசகம். ஆனால், எல்லாப் பழைய உரிமங்களும் அவ்வாறு காக்கும் என்று நம்பிவிட முடியாது. மூல நிரல் கிடைக்கிறது, விலை கேட்கப்படவில்லை, பல ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்துகிறார்கள் என்பதனாலேயே ஒரு மென்பொருள் திறந்த மூல மென்பொருளாகிவிடாது.

இதற்கான உரைகல் 1998-இல் தொடங்கப்பட்ட 'திறந்த மூல முன்னெடுப்பு' அமைப்பின் வரையறை. டெபியன் குழுவினர் 1997-இல் வகுத்த நெறிமுறைகளிலிருந்து உருவான அதில் பத்து நிபந்தனைகள் உள்ளன. விற்பதற்குத் தடை கூடாது. மாற்றப்பட்ட வடிவத்தையும் பிறருக்கு வழங்க இடமளிக்க வேண்டும். இன்னார், இன்ன துறை என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பவை அவற்றுள் முதன்மையானவை.

இந்த உரைகல்லில் உரசினால் வியப்பூட்டும் முடிவுகள் கிடைக்கின்றன. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ், கட்டணம் பெற்று வழங்குவதைத் தடை செய்தது. எனவே, இன்றைய வரையறையின்படி அது தேறாது. 1992-இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிய பின்னரே அத்தடை நீங்கியது. மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்னும் ஜேசன் உரிமத்தின் நிபந்தனையும் அப்படித்தான். நோக்கம் நல்லது, ஆனால், எது தீமை என்று தீர்ப்பளிப்பவர் யார்?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'பைன்' என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் கதை இன்னும் நுட்பமானது. அதன் தொடக்க கால உரிமம் நகலெடுக்கவும், மாற்றவும், வழங்கவும் அனுமதித்தது. மாற்றலாம், வழங்கலாம் என்றால் மாற்றியதை வழங்கலாம் என்றே பலரும் கருதினர். அவ்வாறு பொருளில்லை என்றது பல்கலைக்கழகம். அதனால், பைனுடன் வந்த 'பிக்கோ' எழுதிக்கு மாற்றாக 'நானோ' புதிதாக எழுதப்பட்டது. பின்னாளில் அப்பல்கலைக்கழகமே 'ஆல்பைன்' என்னும் வாரிசை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டது. ஒரு சொற்றொடரின் ஐயம் பலரின் உழைப்பை விழுங்கியது.

உரிமம் தேறினாலும் சுமை மிஞ்சலாம். பெர்க்லியின் பழைய பிஎஸ்டி உரிமம், விளம்பரங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றது. பிறரும் தத்தம் பெயரை இட்டு அதனைப் பின்பற்றினர். 1997-ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி பதிப்பு ஒன்றில் இத்தகைய வாசகங்கள் 75 இருந்ததாக ரிச்சர்ட் ஸ்டால்மன் கணக்கிட்டார். 1999-இல் பெர்க்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. பிறர் எழுதியவற்றை அந்த முடிவு கட்டுப்படுத்தவில்லை.

பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ் சுட்டிக்காட்டிய பரிவர்த்தனைச் செலவு இதுவே. பெருநிறுவனம் வழக்கறிஞரை அமர்த்தி ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும். சிறு தொழில்முனைவோருக்கும் அரசுப் பள்ளிக்கும் அது இயலாது. தெளிவற்ற உரிமம் எளியோர் மீது விழும் மறைமுக வரி.

முப்பது ஆண்டுப் பழைய மென்பொருளுக்காக யார் வழக்குத் தொடுக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பே. ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகளுக்கு அதன் உரிமை நீடிக்கும். அதற்குள் அது வாரிசுகளுக்கோ வேறொரு நிறுவனத்துக்கோ கைமாறலாம். இன்றைய உரிமையாளரின் பெருந்தன்மை நாளைய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

அரசுப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. அக்கொள்கை பொருளுடையதாக வேண்டுமெனில், பயன்படுத்தப்படும் ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் உரிம வாசகத்தையும் துறைகள் பதிவேட்டில் பேண வேண்டும். ஐயமுள்ள இடத்தில் உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ விளக்கம் பெற வேண்டும். கிடைக்காவிடில் மாற்றைத் தேட வேண்டும். நிலம் வாங்குவோர் தாய்ப்பத்திரத்தைப் படித்த பின்னரே முன்பணம் தருகிறார்கள். பொதுப்பணத்தில் இயங்கும் மென்பொருளுக்கும் அந்த எச்சரிக்கை தேவை.