காட்சியை வெட்டலாம், குரலை வெட்டலாமா?



கடலூர், சிதம்பரம் பக்கம் நம் வீட்டு பீரோக்களைத் துழாவினால் பழைய டிவிடி ஏதாவது கிடைக்கும். அக்காவின் நாட்டியாஞ்சலி நடனம், மாமா கல்யாணம், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எடுத்தது, 2011 தானே புயல்... கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு!

அதனால் இப்போதே கம்ப்யூட்டரில் ஏத்துங்க. லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பி டிரைவ் போதும். டிஸ்கில் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுசா காப்பி பண்ணுங்க. உள்ளே விஓபி ஃபைல்கள் சுமார் 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். ஒரே காட்சி இரண்டு ஃபைலில் பிரிந்து கிடக்கலாம். எனவே சேர்த்த பிறகே வெட்டணும். திரும்பத் திரும்ப சுருக்கி சேவ் செய்தால் படம் மங்கும். மூல காப்பியைத் தொடாதீங்க!

இனி என் கருத்து. எடிட்டிங் என்றாலே பலர் ஒரிஜினல் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போடுகிறார்கள். பாட்டை எப்போ வேணும்னாலும் கேட்கலாம். காணாமல் போன பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு பாட்டியின் குரல் வேறெங்கே கிடைக்கும்? அந்தக் குரல்தானே நம் ஊரின் சரித்திரம்!

இன்னொன்று. அழும் முகம் தெரிகிற காட்சியை அந்த வீட்டாரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. அவர்கள் துக்கம் நமக்கு வேடிக்கை இல்லை.

வெட்டும் முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சிந்திப்போம், செயல்படுவோம்!

– 11ஆம் வகுப்பு மாணவி