டவுட்: ஒரு 'ஆ' செய்கிற வேலை

பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'டவுட்' என்ற வினையைப் பார்த்ததுமே கை தானாக 'நம்பவில்லை' என்று எழுதிவிடுகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் பல இடங்களில் அதன் பொருள் நேர் எதிர். 'அவன் செத்துட்டான்னு டவுட் பண்றேன்' என்றால், செத்திருப்பான் என்றே அஞ்சுகிறேன் என்று அர்த்தம். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் மழை வரும் என்று 'டவுட்' பண்ணுகிறவர் குடையோடுதான் கிளம்புவார்.

ஹாம்லெட் ஒபீலியாவுக்கு எழுதும் காதல் கடிதத்தில், நாலே வரியில் இந்தச் சொல் நாலு முறை வருகிறது. மூன்று முறை 'நம்ப மறுப்பது' என்ற பொருளில். மூன்றாவது வரியில் மட்டும், உண்மையே பொய் சொல்கிறது என்று சந்தேகிப்பது!

'இங்கிலீஷே குழப்புது, நாங்க என்ன பண்றது?' என்கிறார்கள். இந்தச் சாக்கு செல்லாது. தமிழில் ஒரு குழப்பமும் இல்லை. 'அவன் வருவானான்னு சந்தேகம்' என்றால் நம்பிக்கை இல்லை. 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் கிட்டத்தட்ட முடிவே கட்டியாயிற்று. வித்தியாசம் ஒரு 'ஆ'தான். வீட்டில் தினமும் சரியாகச் சொல்வதை, எழுத உட்கார்ந்ததும் ஏன் தொலைக்கிறோம்?

செத்தவனைப் பிழைக்க வைத்துவிட்ட மொழிபெயர்ப்பு எவ்வளவு சரளமாக இருந்து என்ன பயன்? அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிடாதீர்கள். சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான்.