கேஸ் மாத்திரைக்கும் கெடு உண்டு

“கேஸ் மாத்திரைதானே, அது என்ன செய்துவிடப் போகிறது?” நெய்வேலி மெயின் பஜாரிலும் சரி, மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலும் சரி, இப்படிக் கேட்பவர் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. காய்ச்சல் மாத்திரைக்குத் துணையாக ஒன்று, கல்யாண விருந்துக்கு முன் ஒன்று, காலையில் பல் துலக்கியதும் ஒன்று. வருடக்கணக்கில் இப்படியே ஓடுகிறது.

ஒன்றும் செய்யாது என்றால், நெஞ்செரிச்சலை மட்டும் அது எப்படி நிறுத்துகிறது? கேஸ் மாத்திரை என்று நாம் வாங்கும் பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாமே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணை மருந்துகள். அட்டையில் நெடுக ஓடும் சிவப்புக் கோட்டுக்கு அதுதான் பொருள். நம்மூரில் அதை விற்பவரும் பார்ப்பதில்லை, வாங்குபவரும் பார்ப்பதில்லை.

மருந்து மோசமானதல்ல. 1980-களின் கடைசியில் ஒமிப்ரசோல் வந்தபிறகுதான் உணவுக்குழாய்ப் புண்ணை முறையாக ஆற்ற முடிந்தது. இரைப்பைச் செல்களில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை இம்மருந்துகள் முடக்குகின்றன. உணவுக்குழாயில் கடும் புண் உள்ளவர்கள், அதன் உள்சுவர் மாறிப்போனவர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பதால் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள் ஆகியோருக்கு நீண்டகாலம் தேவைப்படலாம். அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மற்றவர்களின் நெஞ்செரிச்சலுக்குப் பொதுவாக 4 முதல் 8 வாரம். அதன்பின் மருத்துவர் மறுபடி பார்த்து முடிவெடுக்க வேண்டும். நாம் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கப் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. எந்தப் பம்பு எதற்கு ஓடுகிறது என்பதற்கு அங்கே கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எழுதுகிற ஊர்க்காரர், தன் வயிற்றில் பம்பை எதற்காக, எத்தனை நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வதில்லை.

மாத்திரை செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் தளர்வதால்தான் எதுக்களிக்கிறது. மாத்திரை அந்த வளையத்தை இறுக்காது. மேலே வருவது வந்துகொண்டுதான் இருக்கும். அதில் அமிலம் மட்டும் குறைந்திருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்புபவர் நாலு பூரியைச் சாப்பிட்ட கையோடு படுத்தால், எந்த மாத்திரையாலும் அதை முழுதாகச் சமாளிக்க முடியாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி, அல்லது படுக்குமுன் அரை வயிறு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரையடி உயர்த்துவது. இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. தொப்பையையும் பீடியையும் குறைப்பது. இவற்றுக்குச் சீட்டு வேண்டாம், காசும் வேண்டாம்.

“நிறுத்தினால் திரும்ப எரிகிறதே, அப்படியென்றால் எனக்கு அது வேண்டும்தானே?” என்பது அடுத்த வாதம். 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு 8 வாரம் இவ்வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்தியபின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த சுரப்பு கொஞ்ச காலம் துள்ளுகிறது. அதை நோய் என்று எண்ணி மறுபடி அட்டை வாங்குகிறோம். மருத்துவரைக் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பலரால் இதைத் தாண்டிவிட முடியும்.

‘கிட்னி போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், 17,000-க்கும் மேற்பட்ட இதயநோயாளிகளில் பாதிப் பேர் சுமார் 3 ஆண்டு பான்டாப்ரசோல் எடுத்தார்கள். குடல் தொற்று சற்றுக் கூடியது தவிர வேறு பெருங்கேடு தெரியவில்லை. ஆனாலும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு அரிதாக நேர்கிறது. அதைப் பக்கவிளைவாகக் குறிப்பிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே ஆண்டு உத்தரவிட்டது. பல ஆண்டு எடுத்தால் மெக்னீசியமும் பி12-உம் குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 இரு பக்கமும் அடி வாங்கும். பேருக்குப் பின்னால் ‘டி’ ஒட்டிய மாத்திரை என்றால் இன்னொரு மருந்தும் சேர்ந்து உள்ளே போகிறது. அது பெரும்பாலும் டோம்பெரிடோன். இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் சொல்லிவிட்டது. நாம் அதை மாதக்கணக்கில் விழுங்குகிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, இந்த மாத்திரை தரும் தைரியம். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடக்கைக்கோ தாடைக்கோ வலி பரவும்போது ‘கேஸ்தான்’ என்று மாத்திரை போட்டுப் படுப்பவர் மாரடைப்பின் பொன்னான நேரத்தைத் தொலைக்கிறார். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம், ரத்தசோகை இருந்தால் எண்டோஸ்கோப்பி தேவை. எரிச்சலை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தால் உள்ளே புற்றுநோய் வளர்வதுகூடத் தெரியாமல் போகலாம்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் ஒப்பந்தத் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது அநியாயம். எத்தனை நாள் என்று எழுதாமல் சீட்டை நீட்டும் மருத்துவருக்கும், சீட்டே கேட்காத கடைக்காரருக்கும் பங்கு உண்டு.

ஆகவே, ஆண்டுக்கணக்கில் இதை எடுப்பவர்கள் அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: எனக்கு இது எதற்கு? எந்தத் தேதி வரை? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தவறாமல் சாப்பிடுங்கள். கிடைக்கவில்லை என்றால், எப்படிக் குறைப்பது என்று அங்கேயே கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.