தேள் மார்க் புகையிலை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

படம் பேசும் என்கிறார்கள். யாரிடம் பேசும், அவருக்கு அது புரியுமா என்று அச்சிடுமுன் கேட்பவர் எத்தனை பேர்?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நெடுங்காட்டில் வயல் வேலை செய்யும் என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கிளி போட்ட தீப்பெட்டி, யானை போட்ட சாம்பிராணி என்றே கடையில் கேட்பார். படந்தான் அவருக்குப் பெயர்.

புகையிலைப் பொருள்களின் உறைமீது எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதி 2009 மே 31 அன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. முன்பக்கத்தில் 40 விழுக்காடு இடம். மெல்லும் புகையிலைக்கு வந்ததோ தேள் படம்! அதைக் கண்ட அப்பா, "தேள் மார்க் புதுசா வந்திருக்கு" என்று அப்பாயிக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போனாராம். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பின்னர் நடந்த ஆய்வுகளிலும், தேள் எதைச் சொல்ல வந்தது என்று பலருக்கும் விளங்கவில்லை என்றே தெரிந்தது. 2011 டிசம்பர் 1 முதல் தேள் போய், புற்று அரித்த வாயின் நிழற்படம் வந்தது. இடையில் இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கண்டுபிடிக்கும்போது, உறுதிச் சோதனை செய்யாமல் பெயர் எழுதினால் நமக்கு மதிப்பெண் உண்டா? படத்துக்கும் அப்படிச் சோதனை உண்டு. விளம்பரத் தொழிலில் அது பழைய பழக்கம். படத்தை அச்சில் வரப்போகும் அதே அளவில் தயாரிக்க வேண்டும்; மேசைமேல் பெரிதாக விரித்துக் காட்டினால் பீடிக்கட்டில் அது எப்படித் தெரியும் என்பது தெரியாது. எழுத்தை மறைத்துவிட வேண்டும். வேறு நான்கைந்து படங்களின் நடுவே வைத்துச் சில விநாடிகளே காட்ட வேண்டும். இரண்டு மாதிரிகள் இருந்தால் ஒன்றை ஒரு கூட்டத்தாரிடமும் மற்றதை வேறு கூட்டத்தாரிடமும் காட்ட வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்த்தால் முதலில் கண்டது அடுத்ததை விளக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கவே கூடாது. நம் மக்கள் மரியாதைக்காக "நல்லாருக்கு தம்பி" என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் கடினம்!

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கறுத்த நுரையீரல் ஒன்றை வரைந்தோம். எழுத்தை மறைத்து அம்மாவிடம் காட்டினேன். "சுட்ட கத்தரிக்காயா?" என்றார். மாற்றி வரையலாம் என்றதற்கு நண்பர்கள், "உங்கம்மாவுக்குத் தெரியலேன்னா என்ன, எல்லாருக்கும் தெரியும்" என்றார்கள். அந்த 'எல்லாரும்' யார்? படித்தவர் வரைந்து, படித்தவர் பார்த்து, படித்தவர் சரி என்ற படத்தைப் படிக்காதவர் தெருவில் ஒட்டுவதற்குப் பிரசாரம் என்று பெயரா? கத்தரிக்காய்தான் கடைசியில் சுவரேறியது.

2016 ஏப்ரல் 1 முதல் உறையின் இரு பக்கமும் 85 விழுக்காடு படம் வந்தபோது நான் சிறுவன். புதுப் பொட்டலத்தை அப்பாயி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "யாரு பெத்த புள்ளையோ, வாயி இப்புடி ஆயிப்போச்சே" என்றார். புகையிலையை விடவில்லை. ஆனால் அன்று முதல் அதைப் பிரித்து வெறுந்தாளில் மடித்துத்தான் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.