வெயிலுக்கும் பட்டா வேண்டுமாம்!

செஞ்சி வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ராஜகிரிப் பாறையும் கிருஷ்ணகிரிப் பாறையும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்குகின்றன. மல்லாட்டை பிடுங்கும் பெண்களைக் கேட்டால் அந்த வெயிலின் கணக்கைச் சொல்வார்கள். இதிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபனை கிடையாது. புதிதாகக் கட்டும் வீடுகளில் சோலார் தகடு கட்டாயம் என்று விதி செய்தால் அதையும் வரவேற்போம். ஆனால் கூரையே இல்லாதவன் தகட்டை எங்கே வைப்பான்?

2011-ல் ஜெயலலிதா சர்க்கார் பசுமை வீடுகள் திட்டம் கொண்டு வந்தது. வருஷத்துக்கு 60,000 வீடுகள். வீடு 300 சதுர அடி. செலவு 1,80,000 ரூபாய். அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குகளுக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்கு. ஏழை வீட்டுக் கூரையில் சர்க்கார் பணத்திலேயே தகடு ஏறியது நல்ல காரியம்தான், அதை மறுப்பதற்கில்லை. பாட்டரியின் ஆயுள் சில வருஷங்களே. அதற்குப் பிறகு யார் மாற்றுவது என்ற கேள்வி இருந்தது. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. சொந்தமாக 300 சதுர அடி மனையும் அதற்குப் பட்டாவும் இருப்பவருக்குத்தான் வீடு! ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளி வாசலிலேயே நின்றுவிட்டான்.

பிறகு 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீடுகளுக்கு என்று சூரிய வீடு திட்டத்தை அறிவித்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் தகட்டுக்கு 30,000 ரூபாய் மானியம்; இரண்டுக்கு 60,000; மூன்றும் அதற்கு மேலும் 78,000. மீதியைச் சொந்தக் கையிலிருந்தோ பாங்குக் கடனிலிருந்தோ போட வேண்டும். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் எந்த பாங்கு கடன் கொடுக்கும்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடும் வீட்டில் அந்த நூறைத் தாண்டுவதே அபூர்வம். பில்லே வராத வீட்டில் தகடு வைத்து எந்த பில்லை மிச்சம் பிடிப்பது? மிச்சம் பிடிப்பவர் இரண்டு அறைக்கு ஏ.சி. வைத்திருப்பவர். விசாலமான மொட்டை மாடி அவருடையது. 78,000 ரூபாயும் அவருடையது. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டி அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுப்பதில் மட்டும் நமக்குப் பங்கு உண்டு.

பஞ்சாலை முதலாளிகளும் ஆலைக் கூரையில் தகடு பரப்புகிறார்கள். மின்செலவு குறைந்தது என்று சொல்லி எந்த முதலாளியாவது தொழிலாளிக்குக் காலணா கூட்டிக் கொடுத்ததுண்டா?

பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. 2015-ல் ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் அதானி கம்பெனியின் 648 மெகாவாட் நிலையத்துக்கு மின்வாரியம் ஒப்பந்தம் போட்டது. யூனிட் 7 ரூபாய் 1 பைசா, 25 வருஷத்துக்கு. இரண்டே வருஷம் கழித்து, 2017-ல், அதே மின்வாரியத்தின் டெண்டரில் சோலார் மின்சாரம் 3 ரூபாய் 47 பைசாவுக்குக் கிடைத்தது. வருஷா வருஷம் விலை இறங்கும் சரக்குக்குக் கால் நூற்றாண்டு விலை பேசும் தாராளம், குடிசைக்காரனிடம் மட்டும் ஏன் வருவதில்லை?

செஞ்சிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும்தான். நமக்கும் பெருமையே. கோட்டையைக் காக்க வேண்டும். அதன் கல்லை எவனும் பெயர்க்க விடமாட்டோம். ஆனால் 2010-ல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அந்த எல்லைக்குள் பழைய வீட்டை மராமத்துப் பார்க்கவும் மனுப் போட வேண்டும். வக்கீலும் இன்ஜினீயரும் வைத்து மனுப் போட ஓட்டல்காரருக்குத் தெரியும். கூலிக்காரன் எந்த ஆபீசில் போய் நிற்பான்? இனித் திருவண்ணாமலை ரோட்டோரம் மனை விலை ஏறத்தான் போகிறது. ஏறிய பிறகு ஏழைக்கு இடம் தேடினால் மலைக்கு அப்பால்தான் கிடைக்கும்.

ஆகவே பேரூராட்சியும் வருவாய்த் துறையும் வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் பட்டா, அதுவும் பெண்கள் பெயரில். கோட்டை எல்லைக்குள் அகப்பட்டவர்களுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே மாற்று மனை. பிறகு, 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தின் 3,50,000 ரூபாயில் வீடு. அந்தக் கூரையில் முழுச் சர்க்கார் செலவில் தகடு. பழுது பார்ப்பது மின்வாரியத்தின் நிரந்தரத் தொழிலாளியாக இருக்க வேண்டும், காண்ட்ராக்டர் வேண்டாம். வீடு வரும்வரை காத்திருக்கவும் அவசியமில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கொட்டகைக் கூரைகள் சும்மாதான் காய்கின்றன. அங்கே தகடு பரப்பி அந்த மின்சாரத்தைக் காலனிகளின் கணக்கில் வரவு வைக்கட்டும்.

பட்டா இல்லாத குடும்பங்கள் ரேஷன் கார்டு நகலோடு தங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையில் பெயர் கொடுங்கள். எத்தனை வருஷமாக அந்த இடத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள். தனித்தனியாகப் போக வேண்டாம். ஊர் ஊராகச் சேர்ந்து போவோம்.