பையில என்ன இருக்கு பாஸ்?

இந்த வாரம் அரியர் புலம்பல், கேன்டீன் கலாட்டா எல்லாத்துக்கும் லீவு. ஒரு பையைப் பத்திப் பேசப்போறோம்.

நம்ம ஊர் செஞ்சி. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, ‘மச்சி, சண்டே கோட்டைக்கு வர்றோம்டா’னு ஒரே போன் கால்தான். மராட்டியர் கோட்டைகள் வரிசையில் சேர்த்த 12-ல், தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான். வாங்க, சந்தோஷம். ஆனா ராஜகிரி உயரம் சுமார் 800 அடி. 108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும்தான் வரும். மேலே யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, அப்போ பக்கத்தில் நிற்கிறவர்தான் எல்லாமே!

அந்தப் ‘பக்கத்தில் நிற்கிறவன்’ நானா இருக்கணும்னு ஆசைப்பட்டு, காலேஜில் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். சர்ட்டிஃபிகேட் வாங்கின கையோடு மெடிக்கல் ஷாப்புக்குப் பறந்தேன். பெரிய டெட்டால், மூணு பஞ்சு உருண்டை, வலி ஸ்ப்ரே, 20 பிளாஸ்திரி, கலர் கலரா மாத்திரை. பையைத் தோளில் மாட்டினதும் நெஞ்சு தானா நிமிர்ந்துச்சு.

போன மே மாசம், கோட்டையில் குப்பை பொறுக்கப் போனப்போ சான்ஸ் வந்தது. ராஜகிரி படியில் அப்பா வயசுக்காரர் ஒருத்தர் தடுமாறி உட்கார்ந்துட்டார். முழங்கையில் சிராய்ப்பு, ரத்தம். விடுவேனா? டெட்டால், பஞ்சு, கட்டு... பிரமாதமா வேலை பார்த்தேன். அவருக்கோ வியர்வை ஊத்துது, கை நடுங்குது. “ஒண்ணுமில்ல தம்பி, லேசா கிறுகிறுங்குது”ன்னார். வெயில்னு நினைச்சு தண்ணி மட்டும் கொடுத்தேன். பேச்சு குழற ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். நாலு பேர் கைத்தாங்கலா இறக்கினோம். முக்கால் மணி நேரம்!

கீழே 108 அண்ணன் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, இவருக்கு சுகர் இருக்கா? கடைசியா எப்போ சாப்பிட்டார்?” நான் முழிச்சேன். அவர் மனைவிதான் சொன்னாங்க: “இருக்குப்பா. காலையில மாத்திரை போட்டார். கோயிலுக்குப் போய்ட்டுச் சாப்பிடலாம்னு டிபனை விட்டுட்டார்.” விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தா, சர்க்கரை தரைமட்டம். குளுக்கோஸ் ஏறினதும் மனுஷர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சார். எனக்குத்தான் சிரிப்பு வரலை. ஏன்னா, குரங்குக்குப் பயந்து ஜீன்ஸ் பாக்கெட்டில் ஒளிச்சு வெச்சிருந்த ரெண்டு கடலை மிட்டாய் அந்த முக்கால் மணி நேரமும் என்கிட்டயே இருந்துச்சு. அந்த அம்மாவும் கூடவேதான் இறங்கி வந்தாங்க. நான் ஒரு வார்த்தை கேட்கலை. ரத்தம் தெரிஞ்ச இடத்தில் மட்டும்தான் என் கண்ணு போச்சு.

அன்னிக்கு ராத்திரி பையைக் கவிழ்த்துக் கொட்டி, புதுசா அடுக்கினேன். இதோ அந்த லிஸ்ட்...

நோட்டு, பால் பாயின்ட் பேனா: மேல் ஜிப்பில் முதல் ஆள். எத்தனை மணிக்கு என்ன ஆச்சு, என்ன வியாதி, என்ன மாத்திரை, கடைசியா என்ன சாப்பிட்டார்? கேட்டு எழுதி, ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுங்க.

கையுறை: நாலு ஜோடி. ரத்தத்தைத் தொடும் முன்னாடி மாட்டணும். உங்க பாதுகாப்புக்கு.

அப்பாவோட பழைய வேட்டி: சிரிக்காதீங்க! ஒரு மீட்டர் சதுரமா வெட்டி, குறுக்கே மறுபடி வெட்டினா முக்கோணக் கட்டு ரெடி. ஒரு நாலு முழ வேட்டியில் நாலு தேறும். உடைஞ்ச கையைத் தொங்கவிட, துணிப்பட்டையை இறுக்கிக் கட்ட, எல்லாத்துக்கும் ஆகும். கூடவே பழைய பேப்பர் கட்டு. தடியா மடிச்சு வெச்சா கைக்கு அணை.

ஸ்டெரைல் காஸ் துணி, சுருள் பேண்டேஜ், டேப், மொட்டை முனைக் கத்தரி: ரத்தம் கொட்டினா காஸை வெச்சு அழுத்திப் பிடிங்க. எட்டி எட்டிப் பார்க்காதீங்க. பஞ்சு வேண்டாம், காயத்தில் ஒட்டிக்கும். காபித்தூள், மஞ்சள்? சமையலுக்கு மட்டும்!

ஓ.ஆர்.எஸ்., குளுக்கோஸ், ஒரு லிட்டர் தண்ணி: ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டுக்கு முழுசா ஒரு லிட்டர் தண்ணி. நினைவோடு இருந்து, விழுங்க முடிஞ்சா மட்டும் வாயில் கொடுங்க. மயங்கினவருக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது.

சோப்பு: குரங்கு கடிச்சா, பிறாண்டினா, ஓடுற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பத்து ரூபாய் சோப்பு உயிரைக் காப்பாத்தும்.

குடை: பாறை கொதிக்கும்போது நிழல்தான் முதல் மருந்து.

விசில், டார்ச்: 2024 டிசம்பர் 1-ஐ நம்ம மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழை, மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பக்கத்துத் திருவண்ணாமலையில் மண் சரிஞ்சு 7 பேர் போயிட்டாங்க. இருட்டிலும் மழையிலும் தொண்டை கட்டிக்கும், விசில் கட்டிக்காது.

தூக்கிப் போட்டதையும் சொல்லிடறேன். மாத்திரை எல்லாம் அவுட். நாம டாக்டர் இல்லை. பாம்புக்கடிக்குன்னு வெச்சிருந்த கயிறும் பிளேடும் அவுட். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறியக் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், விஷமுறிவு மருந்து அங்கேதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தர்றது யார் தெரியுமா? 1978-ல் தொடங்கின வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம்! வலிப்பு வந்தா கையில் சாவிக்கொத்து திணிக்கிற சினிமா வைத்தியமும் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும்.

‘உதவி செஞ்சா போலீஸ், கோர்ட்டுனு இழுப்பாங்களே’னு பயமா? சாலை விபத்தில் உதவுறவங்களைத் தொல்லைப்படுத்தக் கூடாதுங்கிற வழிகாட்டுதல்களை 2016-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செஞ்சிருச்சு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவும் வந்தாச்சு. உங்க பேரைச் சொல்லணும்னுகூடக் கட்டாயம் இல்லை.

ஆனா ஒண்ணு, பை மட்டும் வாங்கினா அது வெறும் பை. பயிற்சி எடுங்க. காலேஜில் யூத் ரெட் கிராஸ் இருக்கு, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்பு இருக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் ஆரம்பிச்ச ‘ஆப்த மித்ரா’வில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியோடு கிட்டும் கொடுத்தாங்க. நெஞ்சை நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்துறது எப்படின்னு படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது; பொம்மை மேல அழுத்திப் பார்த்தாதான் தோள் வலி புரியும்.

எங்க கோட்டையை 1690-லிருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை முற்றுகை போட்டுச்சு. அத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சதுக்கு மதில் மட்டுமா காரணம்? உள்ளே நெற்களஞ்சியம் இருந்துச்சு, மலை மேல சுனை இருந்துச்சு. தேவைப்படுறதை முன்னாடியே உள்ளே வெச்சவன்தான் நின்னான்.

இப்போ என் பை மூணு கிலோதான். செமஸ்டர் ஃபீஸ் கட்டுற நாளெல்லாம் எக்ஸ்பைரி டேட் பார்த்துடறேன். கடலை மிட்டாய் இப்பவும் ஜீன்ஸ் பாக்கெட்டில்தான், குரங்கு மாறலையே! ஆனா படியில் யாராவது உட்கார்ந்தா, பையைத் திறக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கிறேன்: “ஐயா, சாப்பிட்டீங்களா?”