மூத்தோர் வைத்த கொடி ரோஜா

பெற்றோர் விட்டுச் சென்ற வீடு கைக்கு வரும்பொழுது கூரையையும் சுவரையும் செப்பனிடப் பலரும் முந்துவர். விறாந்தைத் தூணிற் சிக்குண்டு கிடக்கும் முட்செடியை எண்ணுவோர் சிலரே. அவரும் முதற்காரியமாகக் கத்தரிக்கோலையே தேடுவர். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் அன்னையர் அருமையாக வளர்த்த கொடி ரோஜாக்களுக்குப் பராமரிப்பின்மையைக் காட்டிலும் இந்த அவசரமே பெரும் பகை என்பது என் கருத்து.

முன்பு தோட்டவேலை செய்தறியாதவர் முதலில் அறியவேண்டியது, கொடி என்னும் பெயர் இச்செடிக்கு முற்றும் பொருந்தாது என்பதே. இது முல்லையைப்போற் சுற்றிப் படர்வதுமில்லை. பாகலைப்போற் சுருளிழை நீட்டிப் பற்றுவதுமில்லை. வளைந்த முட்களை அயலிலுள்ள கொப்புகளில் மாட்டிக்கொண்டு மேலெழும். தாங்க ஒன்றுமில்லையெனின் தரையிற் சரியும். ஆகவே கட்டிவிடுதல் நம் கடமை. நேராக மேல்நோக்கிக் கட்டினாற் பூக்களெல்லாம் கூரைக்கு மேலே பறவைகளுக்குத்தான் காட்சி தரும். நுனிமொட்டில் உண்டாகும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பதார்த்தம் கீழிறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கிவைப்பதே இதற்குக் காரணம். தண்டை மெல்ல வளைத்துக் கிடையாகக் கட்டினால் அவ்வாதிக்கம் தளரும். தண்டு நெடுகிலும் பக்கக்கொப்புகள் கிளம்பிப் பூக்கும். வளைப்பதற்கு இளந்தண்டே ஏற்றது, முதிர்ந்தது ஒடிந்துவிடும். கம்பியால் இறுக்காமல் தும்புக்கயிற்றால் தளர்வாகக் கட்டுதல் நன்று.

வெட்டுவதற்கு ஓராண்டு பொறுத்திருத்தல் வேண்டும். 1901ஆம் ஆண்டில் வெளிவந்த டொரதி பேர்க்கின்ஸ் போன்றவை, முந்திய ஆண்டில் வளர்ந்த தண்டுகளில், ஆண்டுக்கு ஒருமுறையே பூப்பவை. பூக்குமுன் அவற்றை வெட்டுபவர் அவ்வாண்டுப் பூவையே வெட்டியவராவர். 1930இல் வெளிவந்த நியூ டோன் போன்றவையோ மீண்டும் மீண்டும் பூக்கும். அவற்றின் நெடுந்தண்டுகளை விட்டு, பூத்தோய்ந்த பக்கக்கொப்புகளை இரண்டு மூன்று மொட்டளவிற்குக் குறுக்கினாற் போதும். பெயர் தெரியாத செடி எவ்வகையினது என்பதை அதுவே பூத்துக் காட்டும். காய்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் மட்டும் எக்காலத்திலும் நீக்கலாம். ஆங்கில நூல்களின் மாதக்கணக்கு நமக்கு உதவாது. இங்கிலாந்தின் குளிர்காலத்திற்போல நம் மலைநாட்டில் ரோஜா இலையுதிர்த்து உறங்குவதில்லை.

இன்னுமோர் ஆபத்து உண்டு. விலைக்கு வாங்கிய ரோஜா பெரும்பாலும் இரண்டு செடிகள் சேர்ந்தது: கீழே உரமிக்க ஒட்டுக்கட்டை, மேலே அரும்பொட்டிய நல்லினம். கவனிப்பாரற்ற ஆண்டுகளிற் கட்டையின் முளைகள் ஓங்கி மேலினத்தை நலிவிக்கும். ஏழு சிற்றிலை இருந்தால் அது கட்டையின் முளை என்று சிலர் கூறுவதை நம்பலாகாது. நல்லினக் கொடிகள் பலவற்றிற்கும் ஏழு உண்டு. மண்ணை விலக்கி, முளை ஒட்டிற்குக் கீழே பிறக்கிறதா என்று பார்ப்பதே வழி. அவ்வாறாயின் அதை வேரோடு சேருமிடத்திலேயே பிய்த்தெடுக்கவேண்டும். இதை அறியாது செடியை ஒட்டிற்குக் கீழே அடியோடு வெட்டினால், பின்னர் தளிர்ப்பது அன்னையின் ரோஜா அன்று, வேறொரு செடி.

ஜேர்மனியில் ஹில்டெஸ்ஹைம் நகரப் பேராலயத்தின் சுவரில் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குப் படர்ந்த காட்டு ரோஜா ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டு கண்டதென்பது அவ்வூர் மரபு. 1945 மார்ச் 22ஆம் நாள் குண்டுவீச்சில் ஆலயம் இடிந்தது. செடியும் எரிந்து இடிபாட்டுள் மறைந்தது. ஆயினும் அவ்வாண்டிலேயே வேரிலிருந்து புதுத்தளிர்கள் எழுந்தன. ஒட்டில்லாமல் தன் வேரிலேயே நின்றமையால், எரிந்த செடியே திரும்பி வந்தது.

நம் வீட்டு ரோஜாவுக்கும் அந்த வலிமையைக் கொடுக்க முயலலாம். பூத்தோய்ந்த, பென்சில் பருமனுள்ள கொப்புகளை ஒட்டிற்கு மேலிருந்து 9 அங்குல நீளத்தில் நறுக்கி, கீழிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் மூன்றிலிரண்டு பங்கு புதைத்து நிழலில் வைக்கவேண்டும். எல்லாம் பிழைக்கமாட்டா, ஐந்தாறு நடுதல் நன்று. வேர்விட்டவற்றுள் ஒன்று நம் முற்றத்துக்கு. மற்றொன்று உடன்பிறந்தாள் வீட்டுக்கு. அவளும் அவ்வன்னையின் மகளல்லளோ?